ஆங்கிலப் பேய்க்கதைகள் இன்றும் வாசிக்கப்படுவது எழுத்தின் வலிமையாலா, வியாபாரத்தாலா?

நிழல்வாசகர்:
டிக்கன்ஸ், எம். ஆர். ஜேம்ஸ் ஆகியோரின் பேய்க்கதைகள் நூறாண்டுகளுக்கு மேலாகியும் அச்சில் இருப்பதற்கு, அச்சத்தை அவர்கள் அளந்து கொடுக்கும் விதமே காரணம் என்பது என் வாதம். இடைக்காலச் சுவடிகளில் ஊறிய அறிஞரான ஜேம்ஸ், கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் இரவுகளில் தம் கதைகளை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியவர். முதல் தொகுப்பு 1904இல் வெளிவந்தது. அதிலுள்ள விசில் கதையையே எடுத்துக்கொள்வோம். பேய் என்று எதுவுமில்லை என அடித்துப் பேசும் பேராசிரியர் பார்க்கின்ஸ், கடலோர இடிபாடு ஒன்றில் கிடைத்த வெண்கல விசிலில் அடைந்திருந்த மண்ணைச் சுரண்டியெடுத்து, விடுதி அறையில் அதை ஊதிப் பார்க்கிறார். காற்று கிளம்புகிறது. அறையில் யாரும் படுக்காத இரண்டாவது கட்டிலின் விரிப்புகள் காலையில் கசங்கிக் கிடக்கின்றன. இறுதியில் அவரை நோக்கி எழுந்து வருவது அந்த விரிப்புதான். அதன் முகமும் கசங்கிய துணிதான். ரத்தமும் இல்லை, சங்கிலிச் சத்தமும் இல்லை. அந்த உருவம் எதற்காக வந்தது, யாருடையது என்று கடைசிவரை நமக்குச் சொல்லப்படுவதே இல்லை.

கணக்கர்:
நண்பர் கதையின் அழகைச் சொல்கிறார். அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லவில்லை. 1843இல் வெளியான டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கேரல் என்ற பேய்க்கதை, அச்சிட்ட 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்த புத்தகம். அதன்பின் ஆண்டிறுதியில் பேய்க்கதை போடுவது பத்திரிகைகளுக்குக் கைகண்ட வியாபாரமாயிற்று. 1861இல் காகிதத்தின் மீதான வரி நீங்கியதும் மலிவு இதழ்கள் பெருகின. பக்கத்தை நிரப்ப ஆவிகள் தேவைப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அந்த வேலையைத் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது: பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்க்கதையைப் படமாக்கியது, 2005இல் அதே தொடரைத் தூசு தட்டி மீண்டும் எடுத்தது. போதாக்குறைக்கு இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று காப்புரிமையும் கிடையாது. எந்தப் பதிப்பாளரும் காசு கொடுக்காமல் தொகுப்புப் போடலாம். இத்தனை முட்டுக்கொடுத்தால் எந்தக் கதைதான் விழும்?

தண்டவாளத்தார்:
கணக்கர் சொல்லும் வியாபாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், கடை விரித்ததற்குக் காரணம் சொன்னால் சரக்கு நிலைத்ததற்குக் காரணம் சொன்னதாகிவிடாது. இதற்கு வாய்ப்பான சான்று 1866ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இதழிலேயே இருக்கிறது. டிக்கன்ஸ் நடத்திய அந்த இதழில், ரயிலை மையமாகக் கொண்ட இரண்டு பேய்க்கதைகள் வந்தன: ஒன்று டிக்கன்ஸின் சிக்னல்மேன், மற்றொன்று அமேலியா எட்வர்ட்ஸ் எழுதிய இன்ஜின் ஓட்டுநர் கதை. ஒரே இதழ், ஒரே விலை, ஒரே பண்டிகை. எட்வர்ட்ஸின் கதையில், ரயிலைக் கவிழ்க்கப் போகும் ஓட்டுநரை, அவனால் முன்பு கத்திக்குத்துப் பட்டு இறந்த நண்பனின் ஆவி வந்து தடுத்துவிடுகிறது. நல்ல கதைதான், ஆவி வந்த வேலை முடிந்தது, வாசகனின் வேலையும் முடிந்தது.

டிக்கன்ஸின் ஆவியோ எச்சரிக்கிறது. எதைப் பற்றி என்று சொல்ல மறுக்கிறது. சுரங்கப்பாதையின் வாயிலில் தனித்திருந்து ரயில்களுக்குச் சிக்னல் காட்டும் ஊழியனின் பக்கத்திலேயே தந்திக் கருவி இருக்கிறது. 'ஆபத்து, கவனம்' என்று அடுத்த நிலையத்துக்கு அடித்தால், 'என்ன ஆபத்து, எங்கே' என்று திருப்பிக் கேட்பார்கள். 'தெரியாது' என்று பதில் அனுப்பினால் வேலை போய்விடும். உயிர்கள் போகப்போவது தெரிந்தும் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டிய இந்த நிலைதான், ஆவியைவிட என்னைக் கலக்குகிறது. இதை எழுதியவர், 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்டில் பத்துப் பேர் இறந்த ரயில் விபத்தில் பயணியாக இருந்து உயிர் தப்பியவர். பாலத்தில் பழுதுபார்ப்புக்காகத் தண்டவாளத்தைக் கழற்றியிருந்தபோது, ரயில் வரும் நேரத்தை மேற்பார்வையாளர் தவறாகப் பார்த்ததால் நேர்ந்த விபத்து அது.

கணக்கர்:
சான்று என் கட்சிக்கே உதவுகிறது, ஐயா. ஒன்றின் மீது டிக்கன்ஸ் என்ற பெயர் இருக்கிறது, மற்றதன் மீது இல்லை. ஷார்லட் ரிடெல் 1875இல் எழுதிய ஆளில்லாத வீடு என்ற நாவலை இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள்? பேய்க்குப் பயந்து குடித்தனக்காரர் ஓடிவிட, வாடகை பாக்கிக்காக விவகாரம் நீதிமன்றம் ஏறுகிறது. கதையைச் சொல்பவன் ஒரு வக்கீல் அலுவலகக் குமாஸ்தா. கணவரின் கடன்களைத் தம் எழுத்தால் அடைத்த அப்பெண்மணிக்குப் பேயைவிடக் கடன்காரர்களை நன்றாகத் தெரியும். கல்லூரி அறையில் மெழுகுவத்தியோடு வாசித்த கனவான்கள் நிலைத்தார்கள், இவர் ஆய்வாளர்களின் அலமாரியில் தங்கிவிட்டார். இதிலும் கைத்திறன் மட்டும்தான் தீர்ப்புச் சொன்னதா?

நிழல்வாசகர்:
ரிடெல்லின் நாவல் சுவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் பேய் யார், ஏன் உலவுகிறது என்பதெல்லாம் முடிவில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. வழக்கு தீர்ந்த வீட்டில் எவரும் நிம்மதியாகக் குடியேறலாம். பெயர்தான் காரணமென்றால், டிக்கன்ஸ் எழுதிய எத்தனையோ கிறிஸ்துமஸ் கதைகளில் பல ஏன் மறக்கப்பட்டன என்பதற்கும் கணக்கர் விடை சொல்ல வேண்டும். அவற்றிலும் அதே கையெழுத்துதானே இருக்கிறது?

தண்டவாளத்தார்:
சிக்னல்மேனின் கடைசிப் பத்தியை இருவரும் மறுபடி பார்க்க வேண்டுகிறேன். ஊழியன் இன்ஜினில் அடிபட்டு இறந்தபின், ஓட்டுநர் தாம் கூவிய எச்சரிக்கையைக் கதைசொல்லியிடம் சொல்கிறார். அதில் ஊழியனைத் துரத்திய சொற்கள் மட்டுமல்ல, கதைசொல்லி தம் மனத்துக்குள் மட்டுமே நினைத்து, யாரிடமும் சொல்லாத சொற்களும் இருக்கின்றன. அதுவரை கரையில் நின்று வேடிக்கை பார்த்த படித்த மனிதரையும் ஆவி தொட்டுவிட்டது. அதற்கு விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது.