மறு: வோர்டெக்ஸ் ஜெனரேட்டருக்கு ‘ஸ்டால் தடுப்பி’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

விமான இறக்கையின் மேல் வரிசையாக ஒட்டும் சிறு துண்டுகளான வோர்டெக்ஸ் ஜெனரேட்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: சுழலாக்கி, சுழித்தகடு, கொந்தளிப்பூட்டி, ஸ்டால் தடுப்பி. கடைசிப் பெயருக்குத்தான் ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. எனக்கு அதில்தான் தயக்கம்.

> சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் இதை ஒட்டுவதே ஸ்டால் வராமல் இருக்கத்தானே? பயனைச் சொல்லும் பெயர் இருந்தால் போதாதா?

ஸ்டால் வராமல் இருக்காது ஐயா, தள்ளிப்போகும். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் எல்லைப் படலக் காற்று, உராய்வில் வேகத்தை இழந்துகொண்டே பின்னால் போகிறது. தாக்குகோணம் (எதிரே வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்து நிற்கும் கோணம்) ஏற ஏற, பின்பக்கம் அதற்கு எதிரான அழுத்தம் கூடுகிறது. சாதாரண இறக்கையில் 15 பாகைக்கு அக்கம்பக்கத்தில் அந்தத் தளர்ந்த காற்று மேற்கொண்டு பின்னால் போக மாட்டாமல் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். இறக்கையைத் தூக்கும் விசையான ஏற்றம் குறைந்துவிடும். அதுதான் ஸ்டால். (எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. செய்தித்தாள்களில் இன்னும் குழப்புகிறார்கள்.)

முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலும் நாண் நீளத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள தூரம்) முதல் 10 சதவீதத்துக்குள், இந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டுகிறார்கள். விரல் நகம் உயரம்தான் இருக்கும். காற்று வரும் திசைக்குக் கொஞ்சம் சாய்வாக நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் ஒரு சுழி கிளம்பி, மேலே ஓடும் வேகமான காற்றைக் கீழே இழுத்துத் தளர்ந்த படலத்தோடு கலக்கிவிடும். படலம் தெம்பாகி இன்னும் சில பாகைகள் ஒட்டிக்கொண்டு ஓடும். அப்புறம் அதுவும் பிரியத்தான் செய்யும்.

இறக்கை மேல் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிக் கேமரா வைத்து எடுத்த படங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெறும் இறக்கையில் முதலில் பின்விளிம்புப் பக்கத்து நூல்கள் நடுங்கும், பிறகு பக்கவாட்டில் ஆடும், கடைசியில் தலைகீழாகத் திரும்பி முன்விளிம்பைக் காட்டும். காற்று அங்கே முன்னோக்கி ஓடுகிறது என்று பொருள். ஏலரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, இறக்கை நுனிப்பக்கம் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை) முன்னால் இந்தத் துண்டுகளை ஒட்டியபின் அதே கோணத்தில் பார்த்தால், இறக்கை விமான உடலோடு சேரும் அடிப்பக்கத்து நூல்கள் புரண்டு கிடக்க, ஏலரான் பக்கத்து நூல்கள் மட்டும் நேராகப் படிந்திருக்கும். சிறு விமானத்துக்கு உண்மையான லாபம் இங்கேதான் என்பது என் கட்சி. ஸ்டாலை நெருங்கும்போது ஏலரான் உயிரோடு இருக்கிறது. ஓர் இறக்கை சரிந்தால் தூக்கி நிமிர்த்த முடிகிறது.

ஸ்டால் வேகம் குறைவதைப் பற்றித்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். உச்ச ஏற்றக்கெழு (இறக்கையால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்பதைக் காட்டும் எண்) 10 சதவீதம் கூடினால், வேகம் அதன் வர்க்கமூலத்தில்தான் குறையும். 45 நாட் (knot) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் 43 நாட் வேகத்தில் ஆகும். ஒட்டிய மறுநாளே ‘10 நாட் குறைந்தது’ என்று சொல்பவர்களின் வேகமானியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மூக்கு அவ்வளவு தூக்கி நிற்கும்போது வேகமானிக்காகக் காற்றழுத்தத்தை வாங்கும் பிட்டோ குழாய்க்குள் காற்று நேராகப் போவதில்லை. முள் உண்மையைவிடக் குறைவாகவே காட்டக்கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இறக்கையின் அடிப்பக்கம் முதலில் பிரிந்து, அந்தக் கலங்கிய காற்று வாலில் அடிப்பதால்தான் பல விமானங்களில் ஒரு நடுக்கம் முன்னறிவிப்பாக வருகிறது. இறக்கை முழுக்க ஒட்டிவிட்டால் அந்த நடுக்கம் தாமதமாகலாம். பிரியும்போது சட்டென்றும் பிரியலாம். சில விமானங்களில் இறக்கை ஸ்டால் ஆகும் முன்பே மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் பலம் தீர்ந்துபோகும். அப்போது மூக்கு விழாது. விமானி சாதுவான விமானம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். விமானமோ மூக்கைத் தூக்கியபடியே தடதடவென்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தரைக்குப் பக்கத்தில் இது ஸ்டாலைவிட நல்லது என்று சொல்ல முடியாது. ஒரு பக்க இறக்கையில் இரண்டு மூன்று துண்டுகள் பிய்ந்து விழுந்திருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் சரியும். ஒட்டுகிறவர்கள் போதிய உயரத்தில் படிப்படியாகச் சோதித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இப்படிப்பட்ட பொருளுக்குத் ‘தடுப்பி’ என்று பெயர் வைத்தால், படிக்கிற இளைஞர் அதை நம்பிவிடுவார். அதோடு இது இறக்கைக்கு மட்டுமே உரியதும் அல்ல. 1947இல் யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் டெய்லர் என்பவர் இதைப் பற்றி எழுதியபோது பேசியது விரிகுழாய்க்குள் (போகப் போக அகலும் குழாய்) காற்று சுவரை விட்டுப் பிரிவதைப் பற்றி. இன்று காற்றாலை இறகுகளிலும் காரின் கூரைகளிலும்கூட இருக்கிறது. காரின் கூரையில் ஸ்டாலுக்கு என்ன வேலை?

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொந்தளிப்பூட்டி டர்புலேட்டருக்குப் போகட்டும். அது சீரான படலத்தைக் கொந்தளிக்க வைப்பதோடு சரி, கிளைடர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறு பொருள். சுழித்தகடு கேட்க அழகு. ஆனால் ஆப்பு வடிவத்தில் வருபவை தகடு இல்லை, துளை வழியாகக் காற்றைப் பீய்ச்சிச் சுழி உண்டாக்கும் வகையில் தகடே கிடையாது. சேர்த்துப் படிக்கும்போது ‘சுழித்த’ என்று ஒரு கணம் தடுக்கவும் செய்கிறது.

சுழலாக்கிதான் சுவாரசியமானது. ஸ்பின்னை நாம் இங்கே ஏற்கெனவே ‘சுழல்’ என்றுதான் எழுதிவருகிறோம். ஒரு பக்க இறக்கை கூடுதலாக ஸ்டால் ஆகி, விமானம் திருகிக்கொண்டு விழுவது அது. அந்த நிலைக்குப் போகாமல் இருக்க ஒட்டுகிற பொருளுக்கு ‘சுழலாக்கி’ என்றால் அர்த்தம் தலைகீழாகிவிடும். ஆற்றில் தண்ணீர் சுழிப்பதைச் சுழி என்கிறோம். வோர்டெக்ஸுக்கு அதுவே சரியாக அமர்கிறது.

ஆகவே என் பரிந்துரை: சுழியெழுப்பி. ஒலியெழுப்பி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் வாய்க்குப் புதிதாக இருக்காது. வடிவத்தைச் சொல்லவில்லை, பலனை வாக்களிக்கவும் இல்லை. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘ஏலரானுக்கு முன்னால் சுழியெழுப்பிகளை ஒட்டியபின் ஸ்டால் ஆகும்போதும் பக்கவாட்டுக் கட்டுப்பாடு இருந்தது.’ உறுத்தவில்லை.

ஸ்டாலுக்குத் தமிழ்ப் பெயராகச் சொன்ன ‘ஏற்றமிழப்பு’ பற்றியும் எனக்கு மறுப்பு உண்டு. ஸ்டாலில் ஏற்றம் குறைகிறதே தவிர முழுதாகப் போய்விடுவதில்லை. அதை இந்த இழையில் கலக்க வேண்டாம், தனியாகத் தொடங்குங்கள். அதுவரை ஸ்டால் என்றே எழுதுவோம்.