மறுமொழி: ரோல் பாருக்குத் தமிழில் என்ன? உருளா, சாய்வா, கவிழ்ப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ரோல் பார் = உருள்பட்டை. ஆண்டி-ரோல் பார் = எதிர் உருள்பட்டை. எளிமையாக இருக்கிறதே, இதோடு முடித்துவிடலாம்.

முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவர் தலையைக் காக்கிற வளைந்த குழாய்தான் ரோல் பார், அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். மூன்று வாரமாக இதே சாமானுக்காகக் கும்பகோணத்தில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். வாயில் நுழையாத சொல்லோடு அலைவது எவ்வளவு சிரமம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அக்காள் மகன் பழைய சான் ஸ்டார்ம் ஒன்று வாங்கியிருக்கிறான். கோவாவில் செய்த வண்டி. இரண்டே இருக்கை, கண்ணாடியிழை உடம்பு, கழற்றி வைக்கிற கூரை. அதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழக வேண்டுமாம். கூரையைக் கழற்றிய வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவன் தலைதான் கூரை. ரோல் பார் போடாமல் தடத்தில் இறக்காதே என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் பேச்சைக் கேட்கிற பிள்ளை. செலவையும் தாய்மாமன் தலையிலேயே வைத்துவிட்டான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ரோல் பார் என்பது இருக்கைகளுக்குப் பின்னால், 'ப'வைத் தலைகீழாக வைத்ததுபோல் நிற்கும் எஃகுக் குழாய். வண்டி புரண்டால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஆண்டி-ரோல் பார் வேறு சாமான். அது வண்டிக்கு அடியில், இடச் சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) வலச் சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் இணைத்துக் கிடக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கம் அழுந்தும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். ஒன்றுக்கு உருள்பட்டை, மற்றதற்கு எதிர் உருள்பட்டை என்று பெயர் வைத்தால், முதலாவது வண்டியை உருட்டிவிடத்தான் இருக்கிறது என்றல்லவா படிப்பவர் நினைப்பார்?

ஆங்கிலக்காரர்களுக்கு இரண்டு அசைவுக்கும் ஒரே சொல். நமக்கு அந்தத் தரித்திரம் இல்லை. வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் வாய்க்கால் கரையில் சறுக்குவதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். "சாஞ்சுது, சாஞ்சுது, கவுந்துடுச்சு" என்பார்கள். சாய்வது ஒன்று, கவிழ்வது இன்னொன்று. நடுவில் இருப்பது உயிர். ஸ்டெபிலைசர் சாய்வோடு மல்லுக்கட்டுகிறது. ரோல் பாருக்குக் கவிழ்ந்த பிறகுதான் வேலை. உருள்வது சக்கரம், அதை இந்த இரண்டிலுமே இழுக்க வேண்டாம்.

அடுத்தது 'பட்டை'. பட்டறையில் பட்டை என்றால் தட்டையான இரும்பு. 'உருள்பட்டை' என்று தாளில் எழுதிக் காட்டினேன், ஷட்டர் செய்கிற கடைக்கு வழி சொன்னார்கள். 'கம்பி' என்றாலோ கான்கிரீட் கம்பிதான். பொருள் குழாய் என்பதையோ வளைந்தது என்பதையோ சொல் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, வேறொன்றைக் காட்டக்கூடாது.

கடைசியில் டிராக்டர் டிரெய்லர் கட்டுகிற ஒருவரிடம் போனோம். படம் போட்டு விளக்கியதும் உள்ளே போய் துத்தநாகம் பூசிய ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் ஒன்றை எடுத்து வந்தார். பி கிளாஸ், தண்ணீர்க் குழாய். உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ.வின் விதியில், இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிப்பு, அல்லது 50-க்கு 2 என்று இருக்கிறது. அவர் வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், நம்ம பைப் 48, தடிப்பு மூணுக்கு மேல. நீங்க கேக்குறத விட கெட்டி" என்றார். வாயடைத்துப் போனேன். தடிப்பு மட்டும் கணக்கில்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. விதி கேட்பது தையல் (நீளவாக்கில் பற்றவைத்த மூட்டு) இல்லாமல், குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய். தண்ணீர்க் குழாய் தண்ணீரின் அழுத்தம் தாங்கத் தேர்ந்தது, ஒரு வண்டியின் பாரம் தரையில் மோதுவதைத் தாங்க அல்ல. துத்தநாகப் பூச்சோடு வெல்டிங் வைத்தால் வருகிற புகையும் நல்லதில்லை. வைக்கிறவருக்கே குளிர் காய்ச்சல் வரும். "அது தெரியும், பால் குடிச்சுட்டுத்தான் அடிப்போம்" என்றார். என்னத்தைச் சொல்ல.

வளைப்பதிலும் அதே தகராறு. குழாய்க்குள் ஆற்று மணலை இடித்து நிரப்பி, கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது நம் பக்கத்துக் கைவித்தை. நசுங்காமல் அழகாக வரும். ஆனால் குளிர்நிலையில் இழுத்ததால் ஏறிய உரம் அந்தச் சிவப்பில் இறங்கிவிடும். குளிர வளைக்க வேண்டும், வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். திருச்சி துவாக்குடிப் பக்கம் கொதிகலன் குழாய் வளைத்துப் பழகிய பட்டறைகள் உண்டு. வளைப்பு மட்டும் அங்கே, பொருத்துவது இங்கே என்று முடிவாயிற்று.

> ரோல் கேஜுக்கு 'உருள்கூண்டு', ரோல் பாருக்கு 'அரைக்கூண்டு' என்று வைத்தால் குடும்பமாக இருக்குமே?

மன்னார்குடி நண்பரே, கூண்டு எனக்கும் பிடித்த சொல்தான். கூண்டு வண்டியில் மூங்கிலை வளைத்துக் கட்டிய கூரையை நினைவூட்டுகிறது. ஓட்டுபவரைச் சுற்றிலும் குழாய் ஓடுகிற ரோல் கேஜுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'கேஜ்' என்று மட்டும் பேச்சில் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் கேஜ் என்றால் சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற இரும்புச் சக்கரம். நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்ல, "காருக்கு எதுக்கு சார் கேஜ் வீல்?" என்று கேட்டுவிட்டார்கள். அப்புறம், கூண்டில் பாதி போட்டால் ரோல் பார் என்பதும் சரியில்லை. முழுக் கூண்டின் குழாய்கள் முகத்துக்கு முன்னும் பக்கவாட்டிலும் ஓடும். ஹெல்மெட் போடாமல் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போகிற வண்டியில் அது தலைக்கே எமன். எங்கள் வண்டிக்குக் கூண்டு வேண்டாம் என்று முடிவு செய்ததே அதனால்தான். இரண்டும் வேறு வேறு தேர்வு.

என் முன்மொழிவு: கவிழ்காப்பு. காப்பு என்றால் பாதுகாப்பு. கையில் போடுகிற வளையமும் காப்புதான். வளைத்த குழாய், காக்கிற குழாய், இரண்டையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. இதைவிடக் குறைந்த செலவில் கிடைக்காது. ரோல் கேஜ் 'காப்புக்கூண்டு'. ஆண்டி-ரோல் பார் 'சாய்வடக்கி'. டிராக்டருக்கும் இதே சொல் போதும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கிற இரும்புச் சட்டகம் வேண்டும் என்று சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு முழ வரப்பில் வண்டி ஓட்டுகிற நம் ஊரில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். வளைவைப் பின்னிருந்து தாங்கும் இரண்டு சாய்ந்த குழாய்களுக்கு 'பின்முட்டு'. வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்பதேதான்; செங்குத்திலிருந்து 30 பாகைக்குக் குறையாமல் சாய்ந்திருக்க வேண்டும். காலுக்குக் கீழே 'அடித்தகடு': 3 மி.மீ. தடிப்பு, 120 சதுர செ.மீ.க்குக் குறையாமல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடியிழையில் போல்ட் போட்டால் பிய்த்துக்கொண்டு வரும், அடியிலுள்ள இரும்புச் சட்டத்தைத் தேடித்தான் போட வேண்டும். தலைப்பக்கம் சுற்றுகிற உறைக்குத் 'திண்டு'. பஞ்சு மாதிரி அமுங்கினால் அது திண்டு இல்லை.

உயரம் பார்க்கும் முறையைச் சொல்லாமல் விட முடியாது. பையனை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, காப்பின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு நேராக ஒரு கழியை வைக்க வேண்டும். ஹெல்மெட் கழிக்குக் கீழே இருக்க வேண்டும், காப்பின் உச்சியிலிருந்து இரண்டு அங்குலமாவது தாழ. வளைக்கக் கொடுக்கும் முன் அளவுக்காக மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, அக்காள் வீட்டு ஒட்டடைக்கம்பை எடுத்து வைத்தோம். ஹெல்மெட் கம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. இருக்கையின் தண்டவாளத்தைக் கழற்றி நேரே தரையில் இறக்கினோம், பிறகும் ஒரு விரற்கடை இடித்தது. காப்பையே உயர்த்தி வளைக்கச் சொல்லிவிட்டேன். அக்காள் கம்பைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தச் சோதனைக்கு 'ஒட்டடைக்கம்புச் சோதனை' என்றே பெயர் வைக்கலாம், யாரும் சிரிக்க வேண்டாம்.

பையன் முதலில் தோள்வார் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றான். அது தலைகீழ் வரிசை. சாதாரண பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சரியவாவது முடியும். இரு தோளையும் இறுக்கிய வாரில் முதுகு நட்டுவைத்த கழியாக நிற்கும், மேலே காப்பு இல்லாவிட்டால் பாரம் நேரே கழுத்தில்.

கும்பகோணத்திலிருந்து

---

> ஐயா, 'கவிழ்காப்பு' வினைத்தொகை. கவிழ்ந்த காப்பு, கவிழ்கிற காப்பு, கவிழும் காப்பு என்று விரியும். காக்க வேண்டியதே கவிழ்ந்துவிடுகிறதே! 'கவிழ்வுக்காப்பு' என்றால் பிழையில்லை. (திருவாரூரிலிருந்து)

வணக்கம் ஆசிரியர் ஐயா. உங்களிடமிருந்து இது வரும் என்று எதிர்பார்த்தேன். உண்கலம் உண்பதில்லை, அதில் நாம் உண்கிறோம். ஊன்றுகோல் தானாக ஊன்றாது. எழுவாய் மட்டும்தான் வர வேண்டும் என்றில்லையே. கவிழும்போது காக்கிற காப்பு என்று கொள்ள இடமுண்டு. ஆனாலும் 'கவிழ்வுக்காப்பு' அகராதிக்குப் பொருத்தம்தான், அதைத் தலைச்சொல்லாக வைத்து இதை மாற்றுவடிவமாகப் போட எனக்கு மறுப்பில்லை.

சாலையில் ஓட்டலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஓட்டப்போவதில்லை. தடத்துக்கு லாரியில்தான் ஏற்றிப் போகிறோம்.

நேற்று துவாக்குடியிலிருந்து குழாய்கள் வந்தன. டிரெய்லர் பட்டறைக்காரர் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். பெரிய வளைவில் 'கவுகாப்பு', சாய்ந்த இரண்டிலும் 'முட்டு'. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்தை அவர் குறைத்துக்கொண்டார். வளைவுக்குள் மூலைக்கு மூலை போகிற குழாயில் மட்டும் எதுவும் எழுதவில்லை, ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறார். படல் கோணாமலிருக்கக் குறுக்கே ஒரு கழி கட்டுவோமே, அதே வேலை. அதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?