டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் கேஜ் முள் காலியிலேயே நிற்கிறது, எங்கிருந்து பார்ப்பது?

கார்புரேட்டர்தாசன்:
வணக்கம். 1970களின் தொடக்கத்து பிரிட்டிஷ் கார், 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை கார் பாடியோடு இணைந்தது). டேங்கில் துரு சேர்ந்து கார்புரேட்டர் அடைத்துக்கொண்டே இருந்ததால் டேங்கைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, வெளியே தடிமனாகப் பெயிண்ட் அடித்து மாட்டியாயிற்று. அதிலிருந்து பெட்ரோல் கேஜ் முள் காலியை விட்டு அசையவே இல்லை. முன்பு நன்றாகத்தான் வேலை செய்தது. ஃபியூஸ் சரியாக இருக்கிறது, டேங்குக்குள் ஃப்ளோட் எனும் மிதவையை வைத்து பெட்ரோல் அளவு பார்க்கும் டேங்க் யூனிட்டும் பழையதேதான். ஒருவர் கேஜ் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் கேஜுகளுக்குச் சீரான வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசரை மாற்று என்கிறார். டேஷ்போர்டைப் பிரிக்கத் தயக்கமாக இருக்கிறது, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் கை பட்டாலே உடைகிறது.

பழைய இரும்பு:
டேஷ்போர்டைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி. வெப்பநிலை கேஜ் மின்சாரத்தில் ஓடுவதா, இல்லை எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வரும் வகையா? சாவியைத் திருப்பினால் அதன் முள் மெதுவாக ஏறுகிறதா, சட்டென்று எகிறுகிறதா?

கார்புரேட்டர்தாசன்:
மின்சாரம்தான். மெதுவாக ஏறி வழக்கமான இடத்தில் நிற்கிறது. பெட்ரோல் கேஜும் முன்பு அப்படித்தான் மெதுவாக ஏறும்.

பழைய இரும்பு:
அப்படியென்றால் ஸ்டெபிலைசரை விட்டுவிடுங்கள். இது பைமெட்டல் கேஜ். உள்ளே ஒரு கம்பிச்சுருள் சூடாகி, உலோகப் பட்டை வளைந்து முள்ளை நகர்த்துகிறது, மெதுவாக ஏறுவது அதனால்தான். இரண்டு கேஜுக்கும் ஒரே ஸ்டெபிலைசர் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அது கெட்டால் இரண்டுமே சேர்ந்து தப்பாகக் காட்டும். (அதன் வெளியீட்டை டிஜிட்டல் மீட்டரில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது விட்டு விட்டுத்தான் மின்சாரம் தரும், எண்கள் குதிக்கும்.) இந்த வகை கேஜில் மின்சாரம் ஓடாவிட்டால் முள் காலியில் நிற்கும். ஆக, எங்கேயோ சர்க்யூட் அறுந்து கிடக்கிறது. டேங்க் மேல் பெயிண்ட் என்றதுமே எனக்கு எர்த் மேல்தான், அதாவது டேங்குக்கும் பாடிக்குமான மின்தொடர்பு மேல்தான் சந்தேகம்.

சாவியை அணைத்துவிட்டு டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, யூனிட்டின் முனையிலிருந்து அதன் உலோக மூடிக்கு ஒரு முறை, அதே முனையிலிருந்து பெயிண்ட் இல்லாத கார் பாடிக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். இந்த யூனிட்கள் பொதுவாகக் காலியில் 200 ஓமுக்கு மேலும், நிறைந்தால் 20, 30 ஓம் வாக்கிலும் காட்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் வயரையும் கேஜையும் பார்க்கலாம். வேறுவேறாக இருந்தால் கோளாறு எர்த்தில்தான், விஷயம் அங்கேயே முடிந்தது.

ஓம்விதி:
ஒரு எச்சரிக்கை. டேங்க் வயரை எர்த்தில் தொடவைத்துப் பார் என்று பலரும் சொல்வார்கள். சோதனை சரியானதுதான், ஆனால் சாவி போட்ட நிலையில் டேங்க் பக்கத்தில் வயரை உரசினால் பொறி பறக்கும். நீளமான வயரால் முதலில் இணைத்துவிட்டு அப்புறம் சாவியைத் திருப்புங்கள், முள் நிறைவைத் தொட்டதும் அணைத்துவிடுங்கள். நேரடி எர்த்தில் அப்படியே விட்டுவைத்தால் கேஜின் சுருள் கருகும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எல்லா காருக்கும் இதே கணக்கு போடாதீர்கள். முள் சட்டென்று எகிறும் பழைய வகை கேஜில் எல்லாம் தலைகீழ்: வயரைக் கழற்றினால் நிறைவு, எர்த் செய்தால் காலி. 1960களின் பிற்பகுதி ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும் அப்படியே, காலியில் 0 ஓம், நிறைவில் 90. அதே காலத்து அமெரிக்க ஃபோர்டில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. இது தெரியாமல் யூனிட் வாங்கி மாட்டிவிட்டு கேஜைத் திட்டுகிறவர்கள் நிறைய பேர்.

கார்புரேட்டர்தாசன்:
அளந்தேன். யூனிட்டின் மூடிக்கு வைத்தால் 90 ஓம் போல வருகிறது, பாடிக்கு வைத்தால் ஒன்றுமே இல்லை! டேங்க் பட்டைக்கு அடியில் ரப்பர், பெட்ரோல் குழாயில் ரப்பர், போல்ட் துளைகளிலும் பெயிண்ட். டேங்குக்கும் பாடிக்கும் தொடர்பே கிடையாது.

பழைய இரும்பு:
பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட யூனிட் மூடியின் எர்த் முனையிலிருந்து பாடிக்குத் தனி வயர் இழுத்துவிடுவது மேல். பாடியில் பிடிக்கும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். பின்விளக்கின் எர்த்தோடு சேர்க்காதீர்கள். அது தளர்ந்தால் விளக்கு போடும்போதெல்லாம் முள்ளும் ஆடும், அப்புறம் அதற்கு வேறு காரணம் தேடுவீர்கள்.

கார்புரேட்டர்தாசன்:
வயர் போட்டதும் முள் ஏறிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் முழுக்க நிரப்பினாலும் முக்கால்தான் காட்டுகிறது. வெப்பநிலை கேஜ் சரியாகவே இருக்கிறது. எர்த் இன்னும் போதவில்லையா?

ஓம்விதி:
சாவி போட்டு, யூனிட் மூடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் எர்த்தைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் பெட்ரோல் அளவு இறங்கியதும் யூனிட்டை வெளியே எடுத்து, கையால் ஃப்ளோட்டை மேலே தூக்கி ஓம்ஸ் பாருங்கள். 25 வாக்கில் வந்தால் யூனிட் நல்லது, ஃப்ளோட்தான் மேலே வரவில்லை. அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், ஓட்டை வழியே உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சத்தம் கேட்கும்.

கார்புரேட்டர்தாசன்:
எர்த்தில் குறை இல்லை. ஓம்ஸ் நீங்கள் சொன்ன மாதிரியே வருகிறது. ஃப்ளோட்டை ஆட்டினால் உள்ளே சளசளவென்று சத்தம். பித்தளை ஃப்ளோட், ஓட்டையை சாலிடர் வைத்து அடைக்கலாமா?

பழைய இரும்பு:
வேண்டாம். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும். ஃப்ளோட் மட்டும் தனியாகவே கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள். யூனிட்டைத் திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள், சாதாரண சிலிகான் பசை மட்டும் தடவாதீர்கள், பெட்ரோல் பட்டால் அது ஊறி உரிந்துவிடும்.