தோட்டக் கழிவை எரிப்பதா, மட்க வைப்பதா?

கேள்வி: கவாத்து செய்த கிளைகள், வேலிச்செடியின் பச்சை வெட்டு, புல், சருகு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கிறது. கொளுத்தினால் தீயைவிடப் புகைதான் அதிகம். புகையில்லாமல் எரிக்க வழி உண்டா? எரிக்காமலே தீர்க்க முடியுமா?

பதில் 1: முதலில் குவியலை வகை வகையாகப் பிரித்து வையுங்கள். பச்சைக் கிளையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது ஆவியாகும்வரை சூடு ஏறாது, எரிய வேண்டிய வாயு புகையாகக் கிளம்பிவிடும். சருகும் புல்லும் அமுங்கிக் காற்றை அடைப்பதால் புகைந்துகொண்டே கிடக்கும். அவற்றைத் தீயில் போடவே வேண்டாம், மட்கு உரமாக்குங்கள். சருகு இரண்டு மூன்று கூடை, பசும்புல் ஒரு கூடை என்று அடுக்கி, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வைத்து, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் வரும்படி குவித்தால் உள்ளே 55–65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். நாற்றமடித்தால் புல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. கிளறிச் சருகு சேருங்கள். சூடே ஏறாவிட்டால் காய்ந்துவிட்டது, அல்லது குவியல் சிறிது.

பதில் 2: விரல் தடிமன் கிளைகளைத் துண்டாக்கி மரத்தடியில் 5–8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போடலாம். அடிமரத்தை ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும், ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

நோய் தாக்கிய கட்டைகளை எரித்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் ஊர் விதி அனுமதித்தால் மட்டும், நன்றாகக் காயவிட்டு எரியுங்கள். தடிமனானது அடியில், சுள்ளி உச்சியில். மேலிருந்து பற்றவைத்தால் கீழிருந்து வரும் புகை தீயைக் கடந்தே போக வேண்டும், பெரும்பகுதி எரிந்துவிடும். பெட்ரோல் ஊற்றவே கூடாது, அதன் ஆவி குப்பென்று வெடிக்கும். காற்றில்லாத அந்தி நேரமும் சரிப்படாது, புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். நாள்பட்ட குவியலில் தேரை, பாம்பு ஒண்டியிருக்கும். கொளுத்தும் அன்றே இடம் மாற்றி அடுக்குங்கள்.

பதில் 3: அரளிக் கிளை வேண்டாம், புகையே நஞ்சு. பெயின்ட் அடித்த பலகை, மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக் கயிறு எதுவும் கூடாது.

கேள்வி கேட்டவர்: சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

பதில் 2: சுத்தமான விறகுச் சாம்பல் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, ஆண்டுக்கு ஒருமுறை. சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சுண்ணாம்பும் கிடைக்கும். மண் ஏற்கெனவே காரத்தன்மை என்றால் விட்டுவிடுங்கள். யூரியாவோடு கலந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். அள்ளுமுன் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள், சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும்.