விஞ்ச்ல ஏறும்போது விங் தலைக்குப் பின்னாடியே நிக்குது, பிரேக் தொளதொளன்னு இருக்கு. என்ன காரணம்?

மேகநடை:
வணக்கம். வட ஜெர்மனியில, ஹனோவர் பக்கம் பாராகிளைடிங் பண்றேன். இங்க மலை கிடையாது, விஞ்ச்தான் கதி, அதாவது தரையில இருக்கிற மெஷின் கயித்தைச் சுத்தி இழுத்து நம்மள மேல ஏத்தும். செகண்ட்ஹேண்டுல ஒரு விங் (தலைக்கு மேல விரியிற துணி இறக்கை) வாங்கினேன். கத்துக்கிட்ட இடத்து விங்ல வராத ஒரு சிக்கல் இதுல வருது. கால் தரையை விட்டதும் கயிறு நல்லாத்தான் இழுக்குது, மேலயும் போறேன். ஆனா நிமிர்ந்து பார்த்தா விங் பின்பக்கம் சாஞ்சு நிக்குது. முகத்துல காத்தே அடிக்கல. பிரேக்கை (விங்கோட பின்விளிம்பை இழுக்கிற கைப்பிடி) இழுத்தா கையில எதுவும் தட்டுப்படல. நேத்து சாயங்காலம் புல்லு ஈரமா இருந்தப்ப ரொம்ப மோசம். விஞ்ச்காரர் இழுவையைக் குறைச்சதும் விங் சடார்னு முன்னால பாஞ்சு சரியாச்சு. டோ அசிஸ்ட்னு ஒரு இணைப்பு மாட்டினா போதும்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா? சாமானோட என் எடை 82 கிலோ, விங்குக்குச் சொல்லியிருக்கிற எடை ரேஞ்ச் 80 முதல் 100.

கயிறும்காத்தும்:
தம்பி, அது டீப் ஸ்டால், அதாவது விங் விரிஞ்சே இருந்தாலும் முன்னால பறக்காம நிக்கிற நிலை. செக் பண்ற வரைக்கும் அந்த விங்ல பறக்காதீங்க.

மேல போறோமே, அப்ப பறக்கத்தானே செய்யுதுன்னு தோணும். அதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. கயிறு முன்னாலயும் கீழயும் இழுக்கிறதால விங் காத்தைச் சந்திக்கிற கோணம் ஏற்கெனவே கூடித்தான் இருக்கும். நல்ல விங் அதைத் தாங்கும். ட்ரிம் (கயிறுகளோட நீள அளவு) கெட்ட விங்கோ, ஈரமான விங்கோ தாங்காது. பறக்காமலே பட்டம் மாதிரி கயித்து பலத்துல மேல போகும். காத்துச் சத்தம் இல்ல, பிரேக்ல பிடி இல்லன்னு நீங்க சொன்ன ரெண்டுமே அதோட அடையாளம்தான். ரேஞ்சோட அடிமட்டத்துல நீங்க தொங்குறதும் சேர்ந்துக்குது.

அந்த நேரத்துல ரெண்டு கையும் முழுசா மேல போகணும். தரைக்குப் பக்கத்துல பதறிப்போய் ரிலீஸை (இழுவைக் கயித்தைக் கழட்டி விடுற கொக்கி) இழுத்துடாதீங்க. இழுவை சட்டுனு அறுந்தா விங் முன்னால குதிக்கும். மீளலைன்னா வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல இறங்குவீங்க. விஞ்ச்காரர் இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். உங்க ஆள் அதைச் சரியா செஞ்சிருக்கார், அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்க. உயரத்துல ரிலீஸ் பண்ணின பிறகும் விடலைன்னா ஸ்பீட் பார் (விங் வேகத்தைக் கூட்டுற கால் கம்பி) மிதிக்கணும், இல்ல ஏ ரைசரை (முன்வரிசைக் கயிறுகளைப் பிடிக்கிற பட்டை) முன்னால தள்ளணும்.

தெற்குவானம்:
ஆஸ்திரேலியாவுல எங்க குழுவுல பாதிப் பேர் டோ அசிஸ்ட் போட்டுத்தான் ஏறுறோம். கயித்து இழுவையே ஸ்பீட் சிஸ்டத்தை லேசா இழுத்து விடும், விங் முன்னால வந்துடும். நல்ல சாமான். ஏன் பயமுறுத்துறீங்க?

கயிறும்காத்தும்:
சாமான் நல்லதுதான், யார் இல்லன்னா? சரியான விங்ல போடுங்க. இவர் விங் கெட்டிருக்கு. டோ அசிஸ்ட் அதை ஏறும்போது மறைக்கும், ரிலீஸ் பண்ணினதும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடும். அப்ப இவர் தனியா மாட்டுவார்.

மேகநடை, தரையில நின்னே ஒண்ணு பாருங்க. கொஞ்சம் காத்துல விங்கைத் தலைக்கு மேல நிறுத்தி, கையை முழுசா மேல விடுங்க. பிரேக் கயிறு வளைஞ்சு தளர்வா நிக்கணும். பின்விளிம்பு இழுபட்டிருந்தா பிரேக் நீளம் குறைஞ்சிருக்கு. மத்த லைன்களை (விங்கைத் தாங்குற கயிறுகள்) பட்டறையிலதான் அளக்கணும், காத்து ஒழுகுதான்னு துணியையும் பார்க்கச் சொல்லுங்க.

மேகநடை:
பயமா இருக்குண்ணே. விஞ்சை விட்டுட்டு வருஷத்துக்கு ஒருதரம் ஆல்ப்ஸ் போனா போதுமோன்னு தோணுது.

தெற்குவானம்:
2016ல பிரேசில் டசீமாவுல மூணு பேர் சேர்ந்து 564 கிலோமீட்டர் பறந்தாங்களே, அவங்க கிளம்பினதும் சமவெளியில விஞ்ச் இழுத்துத்தான். விங்கைச் சரி பண்ணுங்க முதல்ல.

மேகநடை:
பட்டறையில இருந்து வந்துடுச்சு. துணியில குறை இல்லை. பின்பக்கத்து சி லைன்கள் 3 சென்டிமீட்டர் வரைக்கும் சுருங்கிருக்கு, முன்வரிசை ஏ லைன் கிட்டத்தட்ட பழைய அளவுதான். டைனீமாங்கிற செயற்கை இழையில உறையில்லாத லைன், ஈரம் பட்டுக் காய்ஞ்சு காய்ஞ்சு சுருங்கிடுமாம். பாரம் பெரும்பாலும் ஏ லைன்லயே தொங்குறதால அது மட்டும் நீட்டமா நிக்குமாம். அடியில இருந்த முடிச்சை அவிழ்த்து ட்ரிம் பண்ணிக் கொடுத்துட்டாங்க. பிரேக்கும் குட்டையாத்தான் இருந்துச்சு. இனி எப்படி ஆரம்பிக்கணும்?

கயிறும்காத்தும்:
வெயில்ல, காய்ஞ்ச புல்லுல. ட்ரிம் மாத்தின விங்னு விஞ்ச்காரர்கிட்டயும் ஸ்டார்ட் சொல்றவர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க, இழுவையைக் குறைச்சு வைக்கட்டும். விங் தலைக்கு நேர் மேல வந்து, நீங்க ஒருதரம் நிமிர்ந்து பார்த்து, அப்புறம்தான் ஸ்டார்ட். பின்னாடி சாஞ்சோ கோணலாவோ இருந்தா ஸ்டாப் சொல்லிட்டுத் திரும்ப விரிங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. முதல் 50 மீட்டர் தட்டையா ஏறணும், கை மேலயே இருக்கட்டும். முகத்துல காத்து அடிக்குதான்னு கவனிங்க. அடிக்கலைன்னா ரேடியோவுல சொல்லுங்க, அவர் மெல்ல இறக்கி விடட்டும்.

மேகநடை:
சரிண்ணே. சனிக்கிழமை வெயில்னு போட்டிருக்கு. பறந்துட்டு வந்து எழுதுறேன்.