மறு: மறு: ஸ்கின் மைக்ரோபயோம், ஈவன் ஸ்கின் டோன் – வியாழனுக்குள் தமிழ் வேண்டும்

வ., சென்னை

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒப்பனைப்பொருள் ஆய்வு ஒன்றின் தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நெற்றியிலும் கன்னத்திலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, அங்கே என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஒரு கிரீமைச் சில வாரம் பூசிய பின் மறுபடி எடுப்பார்கள். தோலின் நிறத்தையும் கருவி வைத்து அளப்பார்கள்.

இரண்டு இடத்தில் நிற்கிறேன்: 'ஸ்கின் மைக்ரோபயோம்', அதாவது தோலில் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்தது; 'ஈவன் ஸ்கின் டோன்', அதாவது தோலின் நிறம் எங்கும் ஒன்றுபோல இருப்பது. இப்போதைக்கு 'சரும நுண்ணுயிரியம்', 'சீரான சரும நிறம்' என்று போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடப்போகிறவர்கள் பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பெண்கள். என் தமிழை வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்ப்பார். பொருள் பிசகினால் தாள் திரும்பி வந்துவிடும். நெறிமுறைக் குழு வியாழன் கூடுகிறது.

மு., தஞ்சாவூர்

அம்மா, முதலில் 'சருமம்' வேண்டாம். 'தோல்' இருக்கிறது, 'மேனி' இருக்கிறது. 'மேனி' என்பது 'மேல்' என்பதிலிருந்தே கிளைத்தது என்பது என் துணிபு. இன்றும் "மேலெல்லாம் வலிக்கிறது" என்கிறோம், "மேல் கழுவினேன்" என்கிறோம். உடலைப் புறத்திலிருந்து பார்க்கும் சொல் அது. தோலைப் பற்றிய ஆய்வுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'நுண்ணுயிரியம்' கண்ணில் பட்டதும் எல்லோரும் 'நுண்ணுயிரியல்' என்றே படித்துவிடுவார்கள். மூலச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'மைக்ரோப்' (நுண்ணுயிர்) என்பதோடு முழுத் தொகையைக் குறிக்கும் 'ஓம்' சேர்ந்தது என்று 2001இல் லெடர்பர்க் என்ற நுண்ணுயிரியலாளர் எழுதிய பிறகுதான் பலரும் சொல்ல ஆரம்பித்தார்கள். 1988லேயே விப்ஸ் என்ற ஆய்வாளரும் உடன் எழுதியவர்களும் இதை 'மைக்ரோ' கூட்டல் 'பயோம்' என்ற பொருளில் ஆண்டிருக்கிறார்கள். பயோம் என்பது காடு, புல்வெளி போல உயிர்களும் அவை வாழும் நிலமும் சேர்ந்த ஒன்று. அதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டாகச் சொல் இருக்கிறது: திணை. ஆகவே நுண் + திணை. 'நுண்திணை' என்று எழுதிவிடாதீர்கள். "னலமுன் றனவும் ணளமுன் டணவும்" என்கிறது நன்னூல். தண் + தமிழ் தண்டமிழ் ஆவது போல, நுண்டிணை.

ந., கோவை

ஐயா, நுண்டிணை என்று அச்சடித்தால் எங்கள் பக்கம் சிறுதானியக் கடையில் கேட்பார்கள்.

சி., மதுரை

தோல் மருத்துவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன்.

எளிமையாக இருக்கட்டுமே என்று 'பாக்டீரியா' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். தோலில் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் குடியிருக்கிறது. அது மிஞ்சி வளரும்போது வருவதைத்தான் ஊரில் அழகுத் தேமல் என்கிறார்கள். சிலருக்கு வெளுத்த திட்டாக வரும், சிலருக்குக் கருத்த திட்டாக. 1978இல் நசாரோ-போரோ, பாசி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சையை வளர்த்துப் பார்த்து, டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கும் அமிலங்கள் அதில் உண்டாவதைக் காட்டினார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாக அந்த நொதி வேண்டும். அவற்றில் ஒன்றான அசெலாயிக் அமிலத்தை இன்று 20 சதவீதக் களிம்பாகப் பருவுக்கும், முகத்தில் கருந்திட்டாக வரும் மங்குக்கும் எழுதிக்கொடுக்கிறோம். தேமல் வெளுப்பதற்கு அந்த அமிலம்தான் காரணமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும், தோலில் வாழும் ஓர் உயிர் நிறத்தில் கை வைக்கும் என்பதற்கு என் நோயாளிகளுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் தேமல்தான்.

பாக்டீரியாவின் பங்கு பெரும்பாலும் சுற்றி வருகிறது. பரு அழன்று, ஆறி, அந்த இடம் கருத்துப்போகும். நம் மாதிரித் தோலில் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். இதற்கு மேல் ஒரு கிரீம் பாக்டீரியாவை மாற்றி நிறத்தை மாற்றும் என்று சொல்ல மனிதத் தோலில் சான்று குறைவு. படிவத்தின் தமிழ் அந்தச் சான்றைத் தாண்டி வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

திணை பற்றி: 2009இல் கிரைஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் பத்துப் பேரின் தோலில் 20 இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய்ப்பசை உள்ள இடம், ஈரமான இடம், வறண்ட இடம் என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு குடிகள். என் மூக்கோரத்துக்கும் என் முன்கைக்கும் உள்ள ஒற்றுமையைவிட, என் மூக்கோரத்துக்கும் உங்கள் மூக்கோரத்துக்கும் உள்ள ஒற்றுமை அதிகமாக இருக்கலாம்.

மு., தஞ்சாவூர்

மருத்துவரே திணையை மெய்ப்பித்துவிட்டார்! அக்குள் மருதம், மூக்கோரம் நெய்தல், முன்கை பாலை. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை என்பார்கள். தோலின் இயல்பு அமிலம், காரச் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் வறண்டு திரிகிறது என்று எங்கோ படித்தேன். அது பாலை அல்லாமல் வேறென்ன?

சி., மதுரை

சோப்பு விஷயம் சரிதான் ஐயா. தோலின் காரகாடித்தன்மை (பி.எச்.) ஏறத்தாழ 5, சாதாரண சோப்புக்கு 9, 10 வரும். ஆனால் அக்குள் மருதமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

க., யாழ்ப்பாணம்

வணக்கம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது நுண்ணங்கி, பற்றீரியா. அங்கி என்றால் உயிருள்ள முழு உடல். அங்கத்தை உடையது அங்கி. இந்தியாவில் உள்ளவர்களுக்கு அங்கி என்றதும் பாதிரியாரின் உடுப்பு ஞாபகம் வருகிறது என்பதற்காக எத்தனையோ வருடமாகப் பாடநூலில் இருக்கிற சொல்லைத் தள்ளலாமோ? 'நுண்ணங்கித் தொகுதி' என்பதைக் கவனியுங்கள்.

ந., கோவை

க. அண்ணா, கோபிக்க வேண்டாம். இங்கே 'தொகுதி' என்றால் சட்டமன்றத் தொகுதி. நுண்ணங்கித் தொகுதியில் யார் வேட்பாளர் என்று கேட்பார்கள்.

எனக்கு உறுத்துவது இரண்டாவது சொல். 'சீர்' என்றால் எங்கள் ஊரில் கல்யாணத் தட்டு. அதைக்கூட விடுங்கள். 'நிறம்' என்பதே சிக்கல். "பொண்ணு நல்ல நிறம்" என்றால் என்ன பொருள்? வெளுப்பு. "நிறம் கம்மி" என்றால் கறுப்பு. பேச்சுத் தமிழில் நிறம் என்ற சொல்லே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் 'ஃபேர்' என்பதைக் கழற்றிவிட்டு 'குளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனால் நம் காதில் 'சிவப்பழகு' இன்னும் அப்படியே இருக்கிறது. 'சீரான நிறம் பெற' என்று தாளில் எழுதினால், கிரீம் பூசினால் சிவப்பாவோம் என்றுதான் அந்தப் பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள். அது ஒப்புதலே ஆகாது.

மு., தஞ்சாவூர்

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. அதற்கும் மருந்து சங்கத்திலேயே இருக்கிறது. மாந்தளிரின் நிறத்தை மாமை என்று கொண்டாடினார்கள். 'மாநிறம்' என்கிறோமே, அந்த 'மா' இதுவே என்பேன். கருமை என்று பொருள்படும் 'மா'வும் ஒன்று உண்டு, மாயோன் என்பதில் வருவது. அதைப் பிறகு பார்ப்போம். குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார் தன் மாமைக் கவினைப் பசலை, அதாவது தலைவனைப் பிரிந்த துயரால் மேனியில் படரும் வெளிறல், உண்ணப்போகிறது என்கிறார். உண்ணுதல்! வள்ளுவரோ "மேனிமேல் ஊரும் பசப்பு" என்கிறார். மேனியில் ஊர்வது, நிறத்தை உண்பது. மருத்துவரின் பூஞ்சை இதைத்தானே செய்கிறது? ஆகவே ஈவன் ஸ்கின் டோனுக்கு 'மாமையொப்பு'.

சி., மதுரை

பசலைக்கு மருந்து தலைவன் திரும்பி வருவது. அதை நான் எழுதிக்கொடுக்க முடியாது.

வ. அம்மா, 'மாமையொப்பு' திரும்ப ஆங்கிலத்துக்குப் போனால் மாமிக்கு ஒப்பு என்று வரும். கருவி அளப்பது வெளுப்பை அல்ல, கன்னத்தில் ஓரிடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை. அதை அப்படியே எழுதிவிடுங்கள்.

வ., சென்னை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அனுப்பிவிட்டேன். வாசகம் இது:

"உங்கள் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பல வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. உங்கள் முகத்தில் எந்தெந்த நுண்ணுயிர்கள் உள்ளன என்றும், முகத்தின் நிறம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்றும் பார்ப்போம். இந்தக் கிரீம் உங்களைச் சிவப்பாக்குமா என்பதை இந்த ஆய்வு பார்க்கவில்லை."

கடைசி வரி மூலத்தில் இல்லை. ஆய்வாளரிடம் கேட்டுச் சேர்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, சரி என்றார். தலைப்பில் ஒரு சொல் தேவைப்பட்டதால் 'தோல் நுண்ணுயிர்த் தொகுப்பு' என்று போட்டேன்.

ந., கோவை

தொகுப்புக்கு என் ஓட்டு. தொகுதிக்கு இல்லை.

க., யாழ்ப்பாணம்

தொகுப்பு என்றால் யாரோ தொகுத்தது. நுண்ணங்கிகளை ஆர் தொகுத்தது? தானாகச் சேர்ந்தது தொகுதி. என்னுடைய மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

மு., தஞ்சாவூர்

படிவத்துக்கு அது போதும். கலைச்சொல் ஆகாது, அது விளக்கம். மாநிறத்தில் உள்ள 'மா' மாமரத்து மாவா, மாயோனின் மாவா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தோல் மருத்துவரும் வர வேண்டும்.

சி., மதுரை

புறநோயாளிப் பிரிவு முடிந்ததும் வருகிறேன்.