ரிபின்ஸ்க் நகரத்துக்கு எத்தனை பெயர்கள்?

கேள்வி (அஞ்சல்முத்திரை):
பழைய சோவியத் உறைகளைச் சேகரிக்கிறேன். 1950-இல் ‘ஷெர்பகோவ்’, 1986-இல் ‘ஆந்த்ரோபவ்’ என்று முத்திரைகள். இரண்டும் வோல்கா கரையிலுள்ள ரிபின்ஸ்க்தான் என்கிறார் விற்றவர். சரிதானா? அப்படியானால் 1960-இன் உறையில் எந்தப் பெயரைத் தேட வேண்டும்?

பதில் (வோல்காக்கரை):
சரிதான். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷெர்பகோவ் 1945-இல் இறந்தார். மறு ஆண்டே ஊர் அவர் பெயரைப் பெற்றது. 1957-இல் ரிபின்ஸ்க் என்ற பெயர் திரும்பியது. ஆகவே 1960-க்கு ரிபின்ஸ்க்தான். 1984-இல் சோவியத் தலைவர் ஆந்த்ரோபவ் இறந்ததும் மீண்டும் மாற்றம். அவர் இளமையில் அங்கே நதிப் போக்குவரத்துப் பள்ளியில் படித்தவர். 1989-இல் பழைய பெயர் வந்துவிட்டது. ஊர்க்காரர்களைக் கேட்காமலே நான்கு முறை! இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பதில் (தெற்குவாசல்):
1957 முக்கியமான ஆண்டு. உயிரோடிருப்பவர்களின் பெயரை ஊர்களுக்கு வைக்கக் கூடாது என்று அப்போதுதான் ஆணை வந்தது. மூத்த சோவியத் தலைவர் மொலோடவ் பதவி இழந்ததும் அதே ஆண்டுதான். அவர் பெயரிலிருந்த நகரம் மீண்டும் பெர்ம் ஆனது.

பதில் (வோல்காக்கரை):
ஆம். இஷெவ்ஸ்க் நகர முத்திரைகளையும் தேடுங்கள்; 1984 முதல் 1987 வரை மட்டும் அது ‘உஸ்தினவ்’. மாகாணப் பெயரை வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள். 1991-இல் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரம் யெகாதெரின்பர்க் ஆனது. மாகாணம் இன்றும் ஸ்வெர்த்லோவ்ஸ்க்தான். லெனின்கிராத் மாகாணமும் அப்படியே; நகரம் மட்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது. நகரத்தின் பெயரையும் முத்திரைத் தேதியையும் மட்டும் பாருங்கள்.

பதில் (அஞ்சல்முத்திரை):
மிக்க நன்றி. உஸ்தினவ் உறை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, இன்றே கேட்கிறேன்.